கோப்பின் தேதி யாருக்குச் சொந்தம்? பதிப்புக் கட்டுப்பாடும் மாற்ற நேரமும்: ஓர் எளிய விளக்கம்

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் வழியாக ஒரு திட்டத்தை முதன்முறையாகத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்பவர்கள், கோப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்ததும் சற்றுத் திகைப்பதுண்டு. பல ஆண்டுகளாக யாரும் தொடாத கோப்பும் நேற்றுத் திருத்தப்பட்ட கோப்பும் ஒரே தேதியை, ஒரே நிமிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அது அவர்கள் திட்டத்தை இறக்கிய நிமிடம். வரலாற்றைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருள், கோப்பு எப்போது மாறியது என்னும் எளிய செய்தியைக்கூடக் காக்கவில்லையே என்ற கேள்வி அப்போது எழுவது இயல்புதான்.

இந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. அது கிட்டின் குறை, என்றாவது சரிசெய்வார்கள் என்பது ஒன்று. பழைய நேரத்தைக் காத்தால், நிரல்களை ஆக்கித் தரும் மேக் என்னும் கருவியின் வேலை கெட்டுவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மற்றொன்று. முதல் பதில் தவறு. இரண்டாவது சரியானதே என்றாலும், ஏன் கெடும் என்பதை விளக்காததால் கேட்டவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. இக்கட்டுரை அந்த ‘ஏன்’ என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறது. நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் தொடர்ந்து வரலாம்.

ஒரு கடிதம், இரண்டு தேதிகள்

ஓர் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடிதத்தின் மேற்புறத்திலும் அதை எழுதியவர் இட்ட தேதி இருக்கும். கடிதம் வந்து சேர்ந்ததும் எழுத்தர் அதன்மீது ‘பெறப்பட்டது’ என்னும் முத்திரையைக் குத்தி அன்றைய தேதியை இடுவார். ஆக, ஒரே தாளில் இரண்டு தேதிகள். முதலாவது தேதி கடிதத்தோடு பிறந்தது. எத்தனை நகல் எடுத்தாலும், எங்கே அனுப்பினாலும் அது கூடவே போகும். இரண்டாவது தேதி இந்த அலுவலகத்துக்கு மட்டும் உரியது. அதே கடிதத்தின் நகல் வேறோர் அலுவலகத்துக்குப் போனால் அங்கே வேறொரு முத்திரை விழும்.

அந்த எழுத்தர் வாரம் ஒருமுறை, தாம் கடைசியாகப் பதிவேட்டை எழுதி முடித்ததற்குப் பிறகு வந்த கடிதங்களை மட்டும் எடுத்துப் பதிகிறார். எவை புதியவை என்று அறிய அவர் பார்க்க வேண்டியது முத்திரைத் தேதியை. ஆறு மாதங்களுக்கு முன் எழுதப்பட்டு, எங்கோ தேங்கிக் கிடந்து, இன்று வந்து சேர்ந்த ஒரு கடிதத்தை, அதில் எழுதியவர் இட்டிருக்கும் தேதியைக் கொண்டு அவர் மதிப்பிட்டால், இது பழையது, எப்போதோ பதிந்திருப்போம் என்று ஒதுக்கிவிடுவார். கடிதம் பதிவாகாமலே போகும். பதிவாகவில்லை என்பதுகூட யாருக்கும் தெரிய வராது.

இந்த எழுத்தரை மறந்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் அவர் ஒரு கணினிக் கருவியின் உருவில் திரும்ப வருவார்.

மாற்ற நேரம் என்பது எது?

கணினியின் கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி நிர்வகிக்கும் பகுதி, ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் சில குறிப்புகளை வைத்திருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம் அவற்றுள் ஒன்று. அதைத்தான் மாற்ற நேரம் என்கிறோம். யூனிக்ஸ் வழக்கில் எம்டைம் என்பார்கள். யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்துக்கு ஏடைம் என்றும், கோப்பைப் பற்றிய குறிப்புகள் கடைசியாக மாறிய நேரத்துக்கு சிடைம் என்றும் பெயர். சிடைம் என்பதைப் பலர் கோப்பு உருவாக்கப்பட்ட நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது பிழை. நமக்கு இங்கே வேண்டியது எம்டைம் மட்டுமே.

மாற்ற நேரம் கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருப்பதில்லை என்பதுதான் இங்கே முதன்மையாகக் கவனிக்க வேண்டியது. கோப்பைத் திறந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாலும் அந்த நேரம் எங்கும் தென்படாது. அது வட்டின் குறிப்பேட்டில், கோப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் ஒரு கோப்பைச் சாதாரணமாக நகலெடுக்கும்போது லினக்ஸில் புதிய நகலுக்கு அந்நேரத்து மணியே விழுகிறது; பழைய நேரம் வேண்டுமென்றால் நகலெடுக்கும் கட்டளையிடம் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். டார் போன்ற பொதியாக்கும் கருவிகளோ பழைய நேரத்தைப் பொதியில் குறித்துவைத்து, பிரிக்கும்போது திருப்பித் தருகின்றன. டச் என்னும் கட்டளையைக் கொண்டு எந்தக் கோப்புக்கும் எந்த நேரத்தையும் நாமே இட்டுவிடலாம் என்பதால், மாற்ற நேரத்தை ஒரு சான்றாக வைத்து எதையும் நிறுவ முடியாது.

அதன் நுணுக்கமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஈஎக்ஸ்டி4 முறைமை நானோவிநாடி அளவில் நேரத்தைக் குறிக்க வல்லது. பழைய ஃபேட் முறைமையோ 2 விநாடிக்கு ஒரு படியாகத்தான் குறிக்கும். ஒரே கோப்பை இரண்டுக்கும் இடையே நகர்த்தினாலே நேரம் சற்றுப் பிசகிவிடும்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: மாற்ற நேரம் என்பது கடிதத்தின் மேல் விழும் முத்திரையைப் போன்றது. இந்த வட்டில், இந்தப் பிரதி எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

மேக்: முத்திரையை நம்பும் எழுத்தர்

மனிதர் எழுதும் நிரலுக்கு மூல நிரல் என்று பெயர். அதைக் கணினி நேரடியாக இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளைக் கம்பைலர் என்கிறார்கள். பெரிய திட்டங்களில் ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகள் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் அவை பல்லாயிரம். ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதற்காக அத்தனையையும் மீண்டும் கம்பைல் செய்வது வீண். மாறிய கோப்பை மட்டும் கண்டுபிடித்து, அதைச் சார்ந்தவற்றை மட்டும் புதிதாக ஆக்கினால் போதும்.

அந்த வேலைக்காக 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவிதான் மேக். அது மூலக் கோப்புகளைத் திறந்து படிப்பதில்லை. மூலக் கோப்பின் மாற்ற நேரத்தையும், அதிலிருந்து முன்பு ஆக்கப்பட்ட விளைவுக் கோப்பின் மாற்ற நேரத்தையும் ஒப்பிடுகிறது. மூலம் புதிதாக இருந்தால் மீண்டும் ஆக்குகிறது. விளைவு புதிதாக இருந்தாலோ இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினாலோ விட்டுவிடுகிறது. அவ்வளவு எளிய விதி என்பதால்தான் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அது உயிரோடிருக்கிறது; அதற்குப் பின் வந்த பல ஆக்கக் கருவிகளும் இதே விதியை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

நம் எழுத்தரை நினைவுகூருங்கள். பதிவேட்டை எழுதி முடித்த நாள்தான் விளைவுக் கோப்பின் நேரம். கடிதத்தின் முத்திரைதான் மூலக் கோப்பின் நேரம். அவர் எந்தக் கடிதத்தையும் பிரித்துப் படித்துப் பார்ப்பதில்லை, முத்திரையை மட்டுமே பார்க்கிறார்.

பழைய தேதி திரும்பி வந்தால் என்ன ஆகும்?

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்பது ஒரு திட்டத்தின் கோப்புகள் காலப்போக்கில் அடைந்த நிலைகளை எல்லாம் சேமித்து, எந்த நிலைக்கும் திரும்பிச் செல்ல வழி செய்யும் மென்பொருள். அந்தச் சேமிப்பிடத்தைக் களஞ்சியம் என்றும், சேமிக்கப்பட்ட ஒவ்வொரு நிலையையும் கமிட் என்றும், ஒரே திட்டம் இணையாக வளரும் தனித்தனிப் பாதைகளைக் கிளைகள் என்றும் சொல்வார்கள்.

இப்போது ஒரு நிகழ்வைப் பார்ப்போம். ‘கணக்கு’ என்னும் மூலக் கோப்பைத் திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் திருத்துகிறீர்கள். 10.05-க்கு மேக் அதை ஆக்கி விளைவுக் கோப்பைத் தருகிறது. செவ்வாய்க்கிழமை, சென்ற மாதம் வெளியிட்ட பதிப்பில் ஒரு பிழை இருப்பதாகச் செய்தி வருகிறது. உடனே அந்தப் பதிப்பின் கிளைக்கு மாறுகிறீர்கள். மென்பொருள் உங்கள் அடைவில், அதாவது கோப்புறையில், இருந்த ‘கணக்கு’ கோப்பை எடுத்துவிட்டுச் சென்ற மாதத்து வடிவத்தை வைக்கிறது.

அந்த வடிவம் கடைசியாகத் திருத்தப்பட்டது சென்ற மாதம் 12-ஆம் தேதி என்று கொள்வோம். மென்பொருள் அந்தத் தேதியையே மாற்ற நேரமாகத் திருப்பி இட்டால், மேக் என்ன காணும்? மூலக் கோப்பு சென்ற மாதத்தது. விளைவுக் கோப்பு நேற்றையது. விளைவு புதிதாக இருப்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அது விலகிக்கொள்ளும். ஆனால் அந்த விளைவு, நேற்று நீங்கள் எழுதிய வேறொரு நிரலிலிருந்து பிறந்தது. சென்ற மாதத்துப் பதிப்பைச் சோதிப்பதாக நம்பிக்கொண்டு நேற்றைய நிரலை நீங்கள் இயக்கிக்கொண்டிருப்பீர்கள். பிழை தென்படாது; சரியாகத்தானே இருக்கிறது என்று பதில் எழுதி அனுப்பியும் விடுவீர்கள்.

ஒரு கோப்போடு போனால் இது சிறிய தொல்லை. பெரிய திட்டத்தில் சில கோப்புகள் புதிதாக ஆக்கப்பட்டு, சில ஆக்கப்படாமல் விடுபட்டு, இரண்டு பதிப்புகளின் துண்டுகள் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஒரு நிரல் பிறக்கும். எந்தக் கட்டத்திலும் பிழைச்செய்தி வராது. வேறு வழியாகக் கிடைத்த பொதியொன்றைப் பிரித்தபோது பழைய நேரங்கள் திரும்பி வந்ததால் இப்படிப்பட்ட ஒரு கலப்பு நிரலோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கும் உண்டு. நிரலில் எங்கே தேடியும் தவறு கிடைக்கவில்லை; நான் படித்துக்கொண்டிருந்த நிரலும் கணினி இயக்கிக்கொண்டிருந்த நிரலும் வேறு வேறு என்பதை ஐயுற எனக்குத் தோன்றவே இல்லை.

கிட் இப்போது செய்வது என்ன? கிளை மாறும்போது, இரண்டு கிளைகளிலும் உள்ளடக்கம் வேறுபடும் கோப்புகளை மட்டும் வட்டில் எழுதுகிறது. எழுதிய கணமே அவற்றின் மாற்ற நேரமாகிறது. மேக் அவற்றைப் புதியவை என்று கண்டு மீண்டும் ஆக்குகிறது. சில வேளைகளில் இது தேவைக்கு மிஞ்சிய வேலைதான். ஒரு கிளைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தாலும், இடையில் மாறிய கோப்புகள் புதியவையாகத் தோன்றி மீண்டும் கம்பைல் ஆகும். கணினிக்குச் சில நிமிடம் வீணாகிறது என்பது உண்மை. ஆயினும் தேவையில்லாமல் ஒருமுறை கூடுதலாக ஆக்குவதும், தேவையானபோது ஆக்காமல் விடுவதும் ஒரே எடையுள்ள தவறுகள் ஆகா. முன்னது கண்ணுக்குத் தெரிகிறது, காத்திருந்தால் தீர்ந்துவிடுகிறது. பின்னது தெரிவதே இல்லை.

சுருக்கமாக: மேக் கேட்பது ‘இந்த அடைவில் இந்தக் கோப்பு எப்போது மாறியது’ என்னும் கேள்வி. அதற்கு ‘இந்த உள்ளடக்கத்தை ஒருவர் எப்போது எழுதினார்’ என்னும் வேறொரு கேள்வியின் விடையைக் கொடுத்தால் தவறான முடிவு வருகிறது.

கிட் எதைச் சேமிக்கிறது?

2005 ஏப்ரலில் லினக்ஸ் கருநிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கிட். அது உள்ளடக்கத்தை அடையாளமாகக் கொண்டு இயங்கும் களஞ்சியம். ஒவ்வொரு கோப்பின் பைட்டுகளிலிருந்தும் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடுகிறது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். ஒரு மனிதரின் கைரேகையைப் போல, கோப்பின் பெயரோ இடமோ எதுவானாலும் உள்ளடக்கம் ஒன்றானால் ஹாஷும் ஒன்றே.

ஓர் அடைவைச் சேமிக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கோப்பின் பெயர், வகை, ஹாஷ் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலுக்கும் ஒரு ஹாஷ் இடுகிறது. வகை என்பதில் சாதாரணக் கோப்பா, இயக்கக்கூடியதா, இணைப்பா என்பன போன்ற சில செய்திகளே அடங்கும். கோப்பின் உரிமையாளர் யார், குழு எது, விரிவான அனுமதிகள் எவை என்பவற்றைக் கிட் பதிவதில்லை. மாற்ற நேரம் விடுபட்டது மறதியால் அன்று என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் பொருந்தும் செய்திகள் யாவும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன.

நேரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு அடைவுகள் ஒன்றா என்று அறிய இப்போது அவற்றின் ஹாஷ்களை ஒப்பிட்டாலே போதும். ஒன்றாயிருந்தால் உள்ளே இருக்கும் ஆயிரம் கோப்புகளையும் கிட் திறக்காமல் கடந்துவிடுகிறது. நேரமும் சேர்ந்திருந்தால், ஓர் எழுத்தும் மாறாத இரண்டு அடைவுகள் நேரம் வேறுபட்ட ஒரே காரணத்தால் வெவ்வேறு ஹாஷ்களைப் பெற்று, இந்த வசதி குலைந்துவிடும். ஒரு கோப்பைத் திறந்து எதுவும் மாற்றாமல் மீண்டும் சேமித்தாலே அது ஒரு மாற்றமாகப் பதிவாகும். இருவர் வெவ்வேறு நேரத்தில் சேமித்த ஒரே உள்ளடக்கம், கிளைகளை இணைக்கும்போது முரண்பாடாக வந்து நிற்கும்.

ஹாஷுக்குள் சேராமல், தனியான ஒரு குறிப்பாக நேரத்தைச் சேமிக்க முடியாதா என்றால், முடியும். தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. எனவே சேமிக்க இயலாது என்று வாதிடுபவர்கள் சற்று மிகைப்படுத்துகிறார்கள் என்றே சொல்வேன். சேமித்ததைத் திருப்பி வட்டில் இடலாமா என்பதுதான் உண்மையான சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், கிட்டே மாற்ற நேரத்தை நம்பி வாழும் ஒரு கருவி. எந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்று நாம் கேட்கும்போது அது எல்லாக் கோப்புகளையும் படிப்பதில்லை. இண்டெக்ஸ் என்னும் தன் உள்ளூர்க் குறிப்பேட்டில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் நேரங்களையும் எழுதி வைத்திருந்து, அவை மாறாத கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அந்தக் குறிப்பேடு களஞ்சியத்தோடு வேறு கணினிக்குப் போவதில்லை. முத்திரை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் கிட் தெளிவாகவே இருக்கிறது.

காப்பாற்றுவது என்றால் எந்த நேரத்தை?

மாற்ற நேரத்தைக் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தைக் கேட்பதில்லை. கேட்கும்போதே இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

எழுதியவரின் கணினியில் அந்தக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் ஒன்று. அது அவருடைய கடிகாரத்தைப் பொறுத்தது. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடினால், உங்கள் கணினியில் எதிர்காலத்துக் கோப்பு வந்து இறங்கும், மேக்கும் கடிகாரம் பிசகியிருப்பதாக எச்சரிக்கும். கமிட் செய்த நேரம் இன்னொன்று. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு நேரங்களை வைத்திருக்கிறது: மாற்றத்தை முதலில் எழுதிய நேரமும், அந்தக் கமிட் இப்போதுள்ள வடிவில் பதியப்பட்ட நேரமும். ரீபேஸ் செய்தால், அதாவது ஒரு கிளையின் கமிட்களை வேறோர் இடத்தில் புதிதாக நட்டால், முன்னது நிலைக்கும், பின்னது மாறும். இவற்றுள் எது அந்தக் கோப்பின் நேரம்?

பெரும்பாலோர் மனத்தில் இருப்பது மூன்றாவது: இந்தக் கோப்பைக் கடைசியாக மாற்றிய கமிட்டின் நேரம். கேட்க எளிதாக இருந்தாலும், கிட் இதைக் கோப்புவாரியாக எழுதி வைத்திருப்பதில்லை. வரலாற்றில் பின்னோக்கி நடந்து, எந்தக் கமிட்டில் அது மாறியது என்று தேடித்தான் கண்டறிய வேண்டும். வரலாறு ஒரே கோடாக இல்லாமல் கிளைத்தும் இணைந்தும் போகும் திட்டத்தில் இந்தத் தேடலே குழப்பம் தரும். ஒருவர் கோப்பின் மேற்பகுதியையும் இன்னொருவர் கீழ்ப்பகுதியையும் தனித்தனிக் கிளைகளில் திருத்தி, இரண்டும் இணைக்கப்பட்டால், இப்போதுள்ள முழு வடிவத்தை இருவரில் எவருமே எழுதவில்லை. அது இணைப்பின்போதுதான் பிறந்தது. களஞ்சியத்தின் அண்மைக் கமிட்டை மட்டும் இறக்கும் மேலோட்டமான நகலில் தேடுவதற்கு வரலாறே இருக்காது. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரந்தான் கிடைக்கும்.

இதையும் சுருக்கிச் சொன்னால், ஒரு கோப்பின் ‘உண்மையான’ நேரம் என்று ஒன்று களஞ்சியத்துக்குள் மறைந்திருக்கவில்லை. சில வேட்பாளர்கள் இருக்கிறார்கள். தேவைக்கேற்ப நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறுதரப்பின் நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, நேரத்தைக் காக்கச் சொல்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அவர்களுடைய தேவைகள் உண்மையானவை.

முதலாவதும் வலுவானதும், ஆக்கப்பட்ட கோப்புகளையும் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கும் திட்டங்களின் நிலை. ஆட்டோகான்ஃப் என்னும் கருவி ஒரு சிறு மூலக் கோப்பிலிருந்து கான்ஃபிகர் என்னும் நீண்ட நிரலை ஆக்கித் தரும். பயனரிடம் அந்தக் கருவி இல்லாமலும் இருக்கலாம் என்பதால் சிலர் இரண்டையுமே களஞ்சியத்தில் வைப்பார்கள். இறக்கும்போது கிட் இரண்டையும் அடுத்தடுத்து எழுதும். எது முதலில் எழுதப்பட்டதோ அதைப் பொறுத்து, மூலம் ஒரு விநாடியின் சிறு பகுதியளவு புதிதாக அமைந்துவிட்டால், மேக் கான்ஃபிகரை மீண்டும் ஆக்க முயன்று, கருவி இல்லாமல் முறிந்து நிற்கும். இங்கே முத்திரை பொய் சொல்லவில்லை, ஆனால் பயனற்றதாகிவிடுகிறது. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே கமிட் நேரத்தை இட்டாலும் இந்தச் சிக்கல் தீரும். நேரம் சமமாயிருந்தால் மேக் விட்டுவிடும் என்று முன்பே பார்த்தோம். ஆக்கப்பட்டதைக் களஞ்சியத்தில் வைக்காமலிருப்பதே நல்ல பழக்கம் என்பது என் கருத்து, ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் அந்தச் சுதந்திரம் இருப்பதில்லை.

இரண்டாவது, தானியங்கிச் சோதனைச் சேவையகங்கள். அவை ஒவ்வொரு முறையும் களஞ்சியத்தைப் புதிதாக இறக்கி, முந்தைய முறை ஆக்கிய விளைவுகளைச் சேமிப்பிலிருந்து எடுத்துவந்து அருகில் வைக்கும். மூலக் கோப்புகள் எல்லாம் இப்போதுதான் எழுதப்பட்டவை என்பதால் எல்லாமே மீண்டும் ஆக்கப்படும், சேமித்துவைத்ததில் பயனில்லை. இதைத் தவிர்க்கச் சிலர் கடைசிக் கமிட்டின் நேரத்தை ஒவ்வொரு கோப்புக்கும் இட்டுவிடுகிறார்கள். நேரம் மிச்சமாகிறது. ஆனால் புதிய கிளையின் விளைவுகளோடு ஒரு பழைய கிளையை ஆக்க நேர்ந்த நாளில், மேலே சொன்ன திங்கட்கிழமைக் கதை அப்படியே அரங்கேறும்.

மூன்றாவது, இணையத்தளங்கள். ஒரு பக்கம் மாறாமல் இருந்தால் உலாவி அதை மீண்டும் இறக்க வேண்டியதில்லை என்பதற்காக, வழங்கிகள் கோப்பின் மாற்ற நேரத்தை உடன் அனுப்புகின்றன. என்ஜின்எக்ஸ் வழங்கி, ஈடேக் என்னும் அடையாளக் குறியையே மாற்ற நேரத்தையும் அளவையும் சேர்த்துத்தான் உருவாக்குகிறது. ஒரே தளத்தை இரண்டு வழங்கிகளில் தனித்தனியாகக் கிட் வழி இறக்கினால் நேரங்கள் வேறுபட்டு, மாறாத படத்தையும் உலாவி மீண்டும் கேட்டு வாங்கும். இங்கே கமிட் நேரத்தை இடுவது ஓரளவு உதவும். எனினும் புதிய வடிவத்தைத் திரும்பப் பெற்றுப் பழையதை வைக்கும்போது கவனம் தேவை: இந்தத் தேதிக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு என்று உலாவி கேட்க, கோப்பின் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால், மாறவில்லை என்று வழங்கி பதில் சொல்ல நெறிமுறையில் இடமுண்டு.

நிழற்படங்களையும் ஆவணங்களையும் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைப்பவர்கள் நான்காவது தரப்பு. மேக் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பதே அவர்கள் தேவை. அவர்களுக்கு நேரத்தைத் திருப்பித் தருவதால் எந்தத் தீங்கும் இல்லை. ஆயினும் டிஜிட்டல் கேமராக்கள் படம் எடுத்த நேரத்தை எக்ஸிஃப் என்னும் குறிப்பாகப் படத்தின் உள்ளேயே எழுதிவிடுகின்றன. கடிதத்தின் மேல் எழுதியவர் இட்ட தேதி அதுதான்.

மற்ற மென்பொருள்கள் என்ன செய்கின்றன?

ஆர்சிஎஸ் என்னும் 1980-களின் மென்பொருளிலேயே, எடுக்கும் கோப்புக்கு அந்தப் பதிப்பின் தேதியை இடும் தெரிவு இருக்கிறது. அது மேக்கைக் குழப்பக்கூடும், கவனமாகப் பயன்படுத்துக என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சப்வெர்ஷனில் கமிட் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் அமைப்பு உண்டு, நாமாக இயக்காதவரை அது அணைந்தே இருக்கும். பெர்ஃபோர்ஸில் பணியிடம் முழுமைக்கும் ஒரு தெரிவும், குறிப்பிட்ட கோப்பு வகைகளுக்கு மட்டும் இடக்கூடிய ஒரு குறியும் உள்ளன. எனக்கு இந்தக் கடைசி அணுகுமுறைதான் மிகவும் பொருத்தமாகப் படுகிறது: தேவை திட்டத்துக்குத் திட்டம் மாறுவதில்லை, கோப்புக்குக் கோப்பு மாறுகிறது. ஒரே களஞ்சியத்தில் மூல நிரலும் இருக்கும், படங்களும் இருக்கும்.

கிட்டில் அப்படி ஒரு தெரிவு உள்ளமைந்து இல்லை. ஆனால் ஒரு வெளியீட்டைப் பொதியாக்கும் கிட் ஆர்க்கைவ் கட்டளை, கமிட் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால், பொதியிலுள்ள கோப்புகளுக்கு அந்தக் கமிட்டின் நேரத்தை இடுகிறது. புதிய, வெற்று அடைவில் பிரிக்கப்படும் பொதிக்குப் பழைய விளைவுகளோடு மோதும் ஆபத்து இல்லை என்பதால் அங்கே அது பாதுகாப்பானது.

உங்களுக்கு எது தேவை?

இந்தக் கோப்பு எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று அறிவதுதான் தேவை என்றால் கோப்பு மேலாளரை விட்டுவிட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்துக் கிட் லாக் கட்டளையிடம் கேளுங்கள். தேதியோடு எழுதியவர் பெயரும் காரணமும் கிடைக்கும்.

கிளை மாறும்போதெல்லாம் கம்பைல் ஆவதுதான் தொல்லை என்றால், கிட் ஒர்க்ட்ரீ கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி அடைவு வைத்துக்கொள்ளலாம்; களஞ்சியம் ஒன்றுதான், அடைவுகள் மட்டும் பல. ஒன்றின் முத்திரைகள் மற்றொன்றைத் தொடுவதில்லை. ஆக்கக் கருவியையே மாற்ற முடியுமென்றால் இன்னும் நல்லது: பேசல், ஸ்கான்ஸ் போன்றவை நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தின் ஹாஷை ஒப்பிடுகின்றன, கோ மொழியின் ஆக்கக் கருவியும் 1.10 பதிப்பிலிருந்து அப்படியே செய்கிறது. நிரல்களை அவற்றுக்கு வேண்டியவற்றோடு சேர்த்துப் பொதியாக்கும் டாக்கரும் கோப்புகளை நகலெடுக்கும் படியில் சேமிப்பைப் பயன்படுத்தலாமா என்று முடிவுசெய்ய மாற்ற நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

இவையெல்லாம் பொருந்தாமல், கடைசிக் கமிட்டின் நேரத்தையே கோப்புகளுக்கு இட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருந்தால், அதற்கென்றே எழுதப்பட்ட கிட்-ரெஸ்டோர்-எம்டைம் போன்ற சிறு கருவிகள் கிடைக்கின்றன. முழு வரலாற்றையும் இறக்கிய பிறகே அதை இயக்குங்கள். மேலோட்டமான நகலில் இயக்கினால் தவறான நேரங்களே விழும். பழைய விளைவுக் கோப்புகள் ஏதுமில்லாத அடைவில் மட்டும் இயக்குங்கள். இயக்கி முடித்ததும் முதன்முறை கிட் நிலையைக் கேட்கும்போது, எல்லாக் கோப்புகளின் நேரமும் இண்டெக்ஸில் உள்ளதோடு பொருந்தாமல் போயிருப்பதால், அது அத்தனையையும் ஒருமுறை படித்துப் பார்க்கும். பெரிய களஞ்சியமானால் சற்றுத் தாமதமாகும், அடுத்த முறை பழைய வேகம் திரும்பிவிடும்.